இரவில் உறங்காத நாய்: திருகோணமலையில் புதிதாக நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நாய் வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே பலரும் சொல்லும் முறைப்பாடு ஒன்றுதான்: தானும் உறங்குவதில்லை, மற்றவர்களை உறங்கவும் விடுவதில்லை. குரைக்கிறது, ஊளையிடுகிறது, விறாந்தையில் நகம் தட்டத் தட்ட நடக்கிறது, கதவைப் பறண்டுகிறது. இதற்கு நம் ஊரில் கைவசம் இருக்கும் வைத்தியம் ஓர் அதட்டல், அதற்கும் அடங்காவிட்டால் ஒரு தடி. இரண்டாலும் எந்த நாயும் உறங்கியதில்லை. நாய் சாமத்தில் எழும்பி நிற்பதற்குக் காரணம் இருக்கும். அந்தக் காரணம் பெரும்பாலும் பகலில் நாம் செய்ததிலோ செய்யாமல் விட்டதிலோ இருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் வழியைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

நாய் எப்படி உறங்குகிறது

இரவு பத்து மணிக்குப் படுத்து விடியும்வரை ஒரே நித்திரையில் கிடப்பது மனிதப் பழக்கம். வளர்ந்த நாய் ஒரு நாளில் 12 முதல் 14 மணித்தியாலம் வரை உறங்கும். குட்டி 18 முதல் 20 மணித்தியாலம் வரை உறங்கும். வயதான நாயும் கூடுதலாக உறங்கும். ஆனால் எல்லாம் துண்டு துண்டான உறக்கம். சற்று நேரம் கண்ணயரும், காதை நிமிர்த்தும், எழும்பி வளவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி படுக்கும். இரவில் இரண்டு மூன்று தடவை எழும்பி இடம் மாற்றிப் படுக்கும் நாய்க்கு நோயும் இல்லை, குறும்பும் இல்லை. படுப்பதற்கு முன் வட்டமிடுவதும் நிலத்தைக் காலால் பறண்டுவதும் காட்டில் படுக்கை அமைத்த முன்னோரிடமிருந்து வந்த பழக்கம். அதற்காக அதட்ட வேண்டாம்.

உறங்கத் தொடங்கி ஏறத்தாழ இருபது நிமிடம் கழிந்ததும் இன்னொன்றையும் பார்ப்பீர்கள். கால்கள் ஓடுவதுபோல் துடிக்கும், மீசை நடுங்கும், மூடிய இமைக்குள் கண் உருளும், தொண்டைக்குள் ஒரு முனகல் எழும். இது கனவு காணும் நேரம். புதியவர்கள் இதைப் பார்த்து வலிப்பு என்று பயந்து நாயை உலுப்பி எழுப்புகிறார்கள். திடுக்கிட்டு எழும்பும் நாய் யாரென்று பார்க்கும் முன்பே கடித்துவிடும். சிறுபிள்ளைகள் கடிபடுவதற்கு இதுவும் ஒரு காரணம். எழுப்பத்தான் வேண்டுமென்றால் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கனவென்றால் விழித்துக்கொள்ளும். உடல் விறைத்து, வாயில் நுரை வந்து, சிறுநீர் போய், கூப்பிட்டும் விழிக்கவில்லை என்றால்தான் வலிப்பு. அப்போது வாய்க்குள் கை வைக்காமல், சுற்றியிருக்கும் கதிரை மேசைகளை அகற்றிவிட்டு, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

முதற்படி: எழும்பும் நேரத்தைக் குறித்துவையுங்கள்

நாய் வளர்க்கத் தொடங்கும் எல்லோரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒரு வாரத்துக்கு வேறெதையும் மாற்ற வேண்டாம். தலைமாட்டில் ஒரு கொப்பியும் பேனாவும் வையுங்கள். நாய் சத்தமிட்டதும் மணியைப் பார்த்து எழுதுங்கள். எழும்பிப் போய்ப் பார்த்தால் அது எங்கே நின்றது, எந்தப் பக்கம் பார்த்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒரே நேரம் திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள். நேரம் தெரிந்தால் காரணம் பாதி தெரிந்த மாதிரி.

படுத்த ஒரு மணித்தியாலத்துக்குள் எழும்பி எழும்பி இடம் மாற்றுகிறதா? படுக்கும் இடம் சரியில்லை: சூடு, நுளம்பு, அல்லது உடம்பில் உண்ணி. நள்ளிரவுக்கும் இரண்டு மணிக்கும் இடையில் கதவருகே வந்து நின்று முனகுகிறதா? வயிறு அல்லது சிறுநீர். மூன்று மணியளவில் படலைப் பக்கம் திரும்பி நின்று குரைக்கிறதா? வெளியே ஏதோ நடமாடுகிறது. விடியற்புறம் ஐந்து மணியளவில் தலையை நிமிர்த்தி ஊளையிடுகிறதா? அது ஒலிக்குப் பதில் கொடுக்கிறது. எந்நேரமும், எந்த ஒழுங்குமில்லாமல், விடியும்வரை நடந்துகொண்டே இருக்கிறதா? அது நோவு, அச்சம், முதுமை ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கலாம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாம் படி: படுக்கும் இடத்தை நீங்களே தொட்டுப் பாருங்கள்

திருகோணமலையில் நாயின் உறக்கத்தைக் கெடுப்பவற்றில் முதலிடம் வெக்கைக்குத்தான். வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகல் முழுவதும் தகரத்தின் கீழ் வெந்த சீமெந்து இருட்டிய பிறகும் தன் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கிறது. நமக்கு மின்விசிறி இருக்கிறது, உடம்பெல்லாம் வியர்க்கிறது. நாய்க்கு அப்படி வியர்ப்பதில்லை. பாதங்களின் அடியில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். நாக்கை நீட்டி மூச்சு வாங்கித்தான் அது உடம்பைக் குளிரவைக்க வேண்டும். மூச்சு வாங்கிக்கொண்டே உறங்க முடியாது. அதனால்தான் எழும்பும், நடக்கும், தண்ணீர் குடிக்கும், இன்னோரிடத்தில் படுக்கும்.

மனையாவெளிப் பக்கம் ஒரு வீட்டில் இப்படி இரவெல்லாம் நடந்துகொண்டிருந்த ஒரு நாயைப் பார்க்கப் போயிருந்தேன். மதிலோரம் நல்ல நாய்க்கூடு கட்டியிருந்தார்கள். மேலே தகரம், கீழே சீமெந்து, மூன்று பக்கமும் கல். இரவு பத்து மணிக்கு அந்தத் தரையில் உள்ளங்கையை வைத்தேன். சோறு வடித்த பானையின் பக்கத்தைத் தொட்டதுபோல இருந்தது. நாயோ கூட்டை விட்டு வெளியே வந்து, கிணற்றடியில் தண்ணீர் வடியும் ஈரமண்ணில் ஒரு குழி தோண்டி, அதற்குள் வயிற்றை அழுத்திக்கொண்டு கிடந்தது. குழி தோண்டியதற்கு அது அடியும் வாங்கியிருந்தது. நாய் தனக்கு வேண்டிய படுக்கையைத் தானே செய்து காட்டியிருக்கிறது, பார்க்கத்தான் ஆளில்லை.

ஆகவே இரவு ஒன்பது மணிக்குப் பிறகு நாய் படுக்கும் இடத்தில் உங்கள் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் இடத்தை மாற்றுங்கள். கூரைக்குத் தகரத்தை விடக் கிடுகு பல மடங்கு மேல். தகரத்தைக் கழற்ற முடியாவிட்டால் அதன் மேல் இரண்டு வரிசை கிடுகையாவது போடுங்கள். கூட்டின் சுவர்களில் எதிரெதிராக இரண்டு திறப்பாவது இருக்க வேண்டும். ஒரே வாசல் உள்ள பெட்டிக்குள் காற்று ஓடாது. தரையில் மாலை ஐந்து மணிக்கே ஒரு வாளி தண்ணீர் ஊற்றிக் காயவிட்டால் படுக்கும் நேரத்துக்குத் தணிந்திருக்கும். வளவில் மாமரமோ வேம்போ இருந்தால் அதன் நிழல் விழுந்த மண்தான் ஊரிலேயே நல்ல படுக்கை. அங்கே ஒரு குழி தோண்டிக்கொள்ள அதற்கு உரிமை கொடுங்கள்.

மாரிக்குக் கணக்கு வேறு. ஐப்பசி முதல் தை வரை நிலம் ஊறிப்போய்க் கிடக்கும், வாடைக்காற்று அடிக்கும். நனைந்த நாய் நடுங்கிக்கொண்டே நிற்குமே தவிரப் படுக்காது. நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்துக்குப் பலகைத் தட்டு, அதன் மேல் சணல் சாக்கு, சாரல் அடிக்கும் பக்கம் மறைப்பு: இது போதும். உரம் வந்த பிளாஸ்டிக் பையை விரிக்காதீர்கள், ஈரத்தைப் பிடித்துவைக்கும். சாக்கை வாரத்துக்கு ஒருமுறை வெயிலில் காயப்போட வேண்டும்.

நுளம்புக்குத் திரி கொளுத்தி நாயின் மூக்கருகே வைப்பதைப் பல வீடுகளில் காண்கிறேன். நம்மை விடப் பல மடங்கு கூர்மையான அந்த மூக்குக்கு அது பெரிய துன்பம். திரியைக் காற்று வரும் பக்கத்தில் தள்ளி வையுங்கள். விறாந்தையில் படுக்கும் நாய்க்கு ஒரு பழைய மின்விசிறியைத் திருப்பிவிட்டால் நுளம்பும் அண்டாது, வெக்கையும் தணியும்.

மூன்றாம் படி: பகலைத் திருத்துங்கள்

பகல் முழுவதும் சங்கிலியில் கட்டி, இரவு படலையைப் பூட்டியதும் அவிழ்த்துவிடுவது நம் பகுதியில் ஊறிப்போன வழக்கம். காவலுக்கு என்று சொல்வார்கள். இந்த வழக்கத்தை விட்டால்தான் மற்றதெல்லாம் பலிக்கும் என்று உறுதியாகச் சொல்கிறேன். கட்டப்பட்ட நாய்க்குப் பகலில் செய்வதற்கு எதுவும் இல்லை, ஆகவே உறங்குகிறது. தன் பன்னிரண்டு மணித்தியால உறக்கத்தின் பெரும்பங்கை மாலைக்குள் முடித்துவிடுகிறது. அதன்பின் கழுத்துச் சங்கிலி கழன்றதும் சேர்த்துவைத்த பலமெல்லாம் காலுக்கு வருகிறது. அந்த நாய் இரவில் ஓடாமல் வேறென்ன செய்யும்?

காவல் என்ற வாதமும் நிற்காது. இலை விழுந்தாலும் பூனை போனாலும் குரைக்கும் நாயின் குரலுக்கு வீட்டுக்காரர் எழும்புவதையே விட்டுவிடுவார். கள்ளன் வரும் நாளிலும் புரண்டுதான் படுப்பார். இரவில் நன்றாக உறங்கி, ஆள் வந்தால் மட்டும் குரைக்கும் நாயே காவல் நாய். உறங்கும் நாயின் காதும் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். மனிதக் காதுக்கு 20,000 ஹேர்ட்ஸுக்கு மேல் எதுவும் கேட்காது. நாய்க்கு ஏறத்தாழ 45,000 வரை கேட்கும்.

அப்படியானால் பகலை எப்படி அமைப்பது? காலை ஆறரைக்கு முன் ஒரு நடை, மாலை ஐந்தரைக்குப் பின் ஒரு நடை. ஒவ்வொன்றும் அரை மணித்தியாலமாவது இருக்கட்டும். இடையில் உள்ள வெயில் நேரத்தில் தார் வீதியில் நாயைக் கூட்டிப்போக வேண்டாம். புறங்கையைத் தாரில் வைத்து ஏழு விநாடி தாங்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. நடை என்றால் இழுத்துக்கொண்டு ஓடுவதல்ல. வேலியோரத்தை, மின்கம்பத்தடியை, புல்லை எல்லாம் மோப்பம் பிடிக்க விடுங்கள். மூக்குக்கு வேலை கொடுத்த நாய் காலுக்கு மட்டும் வேலை கொடுத்த நாயை விட விரைவில் களைக்கும். வீட்டில் இருக்கும் நேரத்திலும் தீனியின் ஒரு பங்கைக் கோப்பையில் போடாமல் வளவில் அங்குமிங்கும் ஒளித்துவைத்துத் தேட விடலாம்.

உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகளுக்குக் கூட்டிப்போகிறவர்கள் இரண்டு விடயங்களில் கவனமாக இருங்கள். ஒன்று, நாய் கடல்தண்ணீரைக் குடிக்கக் கூடாது. அன்றிரவே வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். கையில் ஒரு போத்தல் நல்ல தண்ணீர் கொண்டுபோங்கள். மற்றது, கரைவலை இழுத்த இடத்தில் கழித்துப்போட்ட மீன்கள் கிடக்கும். அவற்றில் பேத்தை மீன் இருந்தால் அதன் நஞ்சு நாயைக் கொன்றுவிடும். அந்தப் பக்கம் போகும்போது கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள்.

நான்காம் படி: இரவுச் சாப்பாடும் கடைசித் தடவை வெளியே விடுவதும்

இரவு ஒன்பது பத்து மணிக்கு வீட்டார் சாப்பிட்ட மிச்சத்தை நாய்க்கு வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினால் அது இரண்டு மணிக்கு வெளியே போகக் கேட்காமல் என்ன செய்யும்? நாயின் இரவுச் சாப்பாட்டை ஆறரை, ஏழு மணிக்கு வையுங்கள். ஒன்பதரைக்கும் பத்துக்கும் இடையில் வளவுக்குள்ளோ ஒழுங்கையிலோ அமைதியாக ஒருமுறை கூட்டிப்போங்கள். சிறுநீரும் மலமும் கழித்த பிறகே உள்ளே வர வேண்டும். அந்த நேரத்தில் விளையாட்டு வேண்டாம்.

மீன் மலிந்த ஊர் என்பதால் கருவாட்டுத் துண்டும் கருவாட்டுக் குழம்பு பிசைந்த சோறும் நாய்க்குப் போவது வழக்கம். உப்பு ஏறினால் நாய் வாளிக் கணக்கில் தண்ணீர் குடிக்கும். குடித்ததை இரவில் கழிக்கத்தான் வேண்டும். சாமத்தில் எழும்பும் நாய்களில் பலவற்றுக்கு இது ஒன்றே காரணம். கருவாட்டை நிறுத்தினாலே இரண்டு மூன்று இரவுகளில் வித்தியாசம் தெரியும். அவித்த மீனை முள் நீக்கி, உப்பில்லாமல், சோற்றுடன் பிசைந்து கொடுங்கள். வெங்காயம் கலந்த கறி எதுவும் வேண்டாம்; அது நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். பிளேன்டீ, பால்தேநீர் வேண்டாம். சொக்லேட் கூடவே கூடாது. ஆனால் இரவில் எழும்புகிறது என்பதற்காகத் தண்ணீரை மட்டும் எடுத்து வைத்துவிடாதீர்கள். இந்த ஊர் வெக்கையில் அது ஆபத்து.

ஐந்தாம் படி: உடம்பைத் தடவிப் பாருங்கள்

பகலில் ஓட்டமும் பராக்கும் இருக்கும்போது கடி பெரிதாகத் தெரியாது. எல்லாம் அடங்கியதும்தான் நாய் சொறியத் தொடங்கும். வாரத்தில் இரண்டு நாளாவது நல்ல வெளிச்சத்தில் விரலால் தடவிப் பாருங்கள்: காதின் உட்புறம், விரலிடுக்குகள், கழுத்துப்பட்டியின் கீழ், அக்குள், வாலடி. உண்ணி இருந்தால் இடுக்கியால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுத்து, சவர்க்காரத் தண்ணீருக்குள் போடுங்கள். நகத்தால் நசிக்க வேண்டாம். உண்ணி கூடினால் சாம்பலும் மஞ்சளும் போதாது. வைத்தியர் தரும் மருந்துதான் வேண்டும். உண்ணி பரப்பும் காய்ச்சல் இங்கே சாதாரணம். நாய் சோர்ந்து, சாப்பாட்டை மறுத்து, முரசு வெளிறி, சிறுநீர் கடும் நிறமாகப் போனால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

சொறி பிடித்த நாய்க்கு மண்ணெண்ணெயும் பழைய எஞ்சின் ஒயிலும் பூசுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். தோல் வெந்து, நாய் அதை நக்கி, நஞ்சு உள்ளே போகிறது. சொறிக்கு நல்ல மருந்து இருக்கிறது. சில வாரங்களில் மயிர் முளைத்துவிடும். எரியும் தோலுடன் ஒரு பிராணியை உறங்கச் சொல்வது எந்த வகையில் நியாயம்?

ஆறாம் படி: வெளியே என்ன நடக்கிறது என்று பாருங்கள்

நம் நகரத்துக்கே உரிய ஒரு காரணம் உண்டு: மான். பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் அதைச் சுற்றியும் வாழும் புள்ளிமான்கள் கூட்டமாக வீதிக்கும் கடற்கரைக்கும் வரும். கோட்டைக்குக் கிட்டவுள்ள வீடுகளில் நாய் படலையடியில் நின்று, முதுகு மயிர் சிலிர்த்து, குரைப்பதற்கும் உறுமுவதற்கும் இடைப்பட்ட ஒரு குரலை இழுக்கும். வெளியே பார்த்தால் ஆளில்லை. சற்று நேரம் நின்றால் தெருவிளக்கின் கீழ் குப்பைப் பையை முகரும் ஒரு தலை நிமிரும். நாயின் மேல் பிழை இல்லை. படலையின் கீழ்ப்பாதியைத் தகரத்தாலோ பலகையாலோ மறைத்து வெளியே தெரியாமல் செய்யுங்கள்; படுக்கையை வீட்டின் பின்பக்கம் மாற்றுங்கள். குப்பையை இரவில் வெளியே வைக்காதீர்கள். நாயை இரவில் ஒழுங்கைக்கு அவிழ்த்துவிடுபவர்கள் இதையும் நினைக்க வேண்டும்: மான் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு, நாய்க்கூட்டம் துரத்தினால் மான்குட்டிகள் தப்புவதில்லை.

ஒரே இடத்தைப் பார்த்து, கிட்டப் போகாமல், விடாமல் குரைக்கிறது என்றால் டோர்ச்சை எடுத்துக்கொண்டு, செருப்புப் போட்டு, கவனமாகப் போங்கள். மாரியில் நாகமும் புடையனும் காய்ந்த இடம் தேடி வளவுக்குள் வரும். முதலில் நாயைக் கூப்பிட்டு உள்ளே விடுங்கள்.

ஊளைக்கு வருவோம். நாய் ஊளையிட்டால் வீட்டுக்கு ஆகாது, சாவு விழும் என்று சொல்லிக் கல்லெறிகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நீண்டு இழுபடும் எந்த ஒலிக்கும் நாய் ஊளையால் பதில் கொடுக்கும். தூரத்தில் இன்னொரு நாய் கொடுத்தால் அதற்கும் கொடுக்கும். விடியற்புறத்துப் பாங்கு, கோவில் மணி, அம்புலன்ஸ் எல்லாம் அதற்கு ஒன்றுதான். ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும். அதட்டினால் உங்கள் குரலும் சேர்ந்துகொண்டதாக அது எடுத்துக்கொள்ளும். பெட்டை நாய் வேட்கைக்கு வந்திருந்தால் மட்டும் அக்கம்பக்கத்துக் கடுவன்கள் மூன்று வாரம் வரை படலையைச் சுற்றும். அதற்கு நிரந்தர வழி கருத்தடைச் சத்திரசிகிச்சைதான்.

வெடிச்சத்தம் இவை எல்லாவற்றிலும் கொடியது. தீபாவளி, டிசம்பர் 31 நள்ளிரவு, சித்திரைப் புத்தாண்டு, திருவிழாக் காலம், தேர்தல் முடிவு வரும் நாள்: இவற்றை நாட்காட்டியில் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே நடையையும் சாப்பாட்டையும் முடித்து, யன்னல் குறைந்த அறை ஒன்றில் நாயை விட்டு, மின்விசிறியையும் வானொலியையும் போட்டுவிடுங்கள். வீட்டார் ஒருவர் கூட இருந்தால் மிக நல்லது. அணைத்துத் தடவினால் பயம் கூடும் என்று சொல்வது சரியல்ல. பயந்த பிராணிக்கு ஆறுதல் கொடுக்கலாம். சங்கிலியில் மட்டும் கட்டிவைக்காதீர்கள். வெடிக்குத் துள்ளி மதிலுக்கு மேலால் பாய்ந்து, சங்கிலி கழுத்தை இறுக்கிச் செத்த நாய்கள் உண்டு. இடி முழங்கும் ஐப்பசி, கார்த்திகை இரவுகளுக்கும் இதே ஏற்பாடுதான். கழுத்துப்பட்டியில் உங்கள் தொலைபேசி இலக்கத்தை எழுதிவைத்தால், ஓடிப்போன நாய் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

குட்டி என்றால்

எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரித்த குட்டியை வாங்காதீர்கள். வந்த முதல் சில இரவுகளில் அழும். நேற்றுவரை தாயின் வயிற்றோடும் கூடப்பிறந்தவற்றோடும் ஒட்டிக் கிடந்தது இன்று தனியாகக் கிடக்கிறது. அழாமல் என்ன செய்யும்? குசினியில் பூட்டி அழவிட்டால் பழகும் என்பது பழைய கொடுமை. உயரமான காட்போட் பெட்டியில் துணி விரித்து உங்கள் கட்டிலருகே வையுங்கள். அழுதால் கையைத் தொங்கவிட்டு மணக்கக் கொடுங்கள். தூக்கி விளையாட வேண்டாம். ஒரு வாரம் கழித்துப் பெட்டியைக் கதவருகே, பின் விறாந்தைக்கு என்று மெல்ல மெல்ல நகர்த்தலாம்.

குட்டி எத்தனை மாதமோ ஏறத்தாழ அத்தனை மணித்தியாலம்தான் சிறுநீரை அடக்கும். இரண்டு மாதக் குட்டியென்றால் இரவில் இரண்டு மூன்று தடவை நீங்கள் எழும்பத்தான் வேண்டும். விளக்கைப் போடாமல், பேசாமல், ஒரே இடத்துக்குக் கொண்டுபோய், வேலை முடிந்ததும் மெல்லிய குரலில் ஒரு நல்ல வார்த்தை சொல்லி, திரும்பக் கொண்டுவந்து படுக்கவிடுங்கள். வயிறு உப்பி, மெலிந்து, அமைதியில்லாமல் இருந்தால் குடற்புழு. மருந்தை வைத்தியரிடம் நிறை பார்த்து வாங்குங்கள்.

ஒழுங்கையில் கிடந்த பெரிய நாயைக் கொண்டுவந்து வளர்ப்பவர்களுக்கு ஒரு சொல்: அது நீங்கள் விரித்த மெத்தையில் படுக்காது. மதிலில் முதுகை வைத்து, படலை தெரியும் இடத்தில்தான் படுக்கும். உதையும் கல்லும் வாங்கி வளர்ந்த உடம்பு அப்படித்தான் உறங்கும். வற்புறுத்தாமல் விடுங்கள். ஒரு நாள் உங்கள் முன்னாலேயே மல்லாந்து வயிற்றைக் காட்டி உறங்கும்போது, நம்பிக்கை வந்துவிட்டது என்று அறிந்துகொள்ளலாம்.

வயதான நாய் என்றால்

ஒன்பது, பத்து வயதைத் தாண்டிய நாய் பகலில் உறங்கி இரவில் நடக்கத் தொடங்கினால், மூலையில் போய் வழி தெரியாமல் நின்றால், பழகியவர்களை அடையாளம் தெரியாமல் குரைத்தால் அது மூளையின் முதுமை. மனிதரில் வரும் மறதி நோய்க்கு ஒப்பானது. அடிப்பதால் பயனில்லை; அடிப்பது பாவமும்கூட. வீட்டுப் பொருள்களை இடம் மாற்றாதீர்கள். இரவில் ஒரு சிறிய விளக்கு எரியட்டும். மூட்டு நோவு உள்ள நாய்க்குத் தடித்த மெத்தை போடுங்கள், படி ஏறவிடாதீர்கள். நிறையத் தண்ணீர் குடித்து நிறையச் சிறுநீர் கழித்தால் சிறுநீரகத்தையும் நீரிழிவையும் சோதிக்க வேண்டும். இவற்றில் பலவற்றுக்கு மருந்தால் கணிசமான சுகம் கிடைக்கும்.

விடியும்வரை காத்திருக்கக் கூடாதவை

வயிறு பறைபோல் ஊதி, வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராமல், நிற்கவும் படுக்கவும் முடியாமல் தவித்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். பெரிய உடம்பும் ஆழ்ந்த நெஞ்சும் உள்ள இன நாய்களில் இது கூடுதல். சில மணித்தியாலத்தில் உயிர் போய்விடும். கச்சான் காலத்தில் மூச்சிரைப்பு நிற்காமல், எச்சில் கொழகொழத்து, நாக்கு கடும் சிவப்பாகி, தள்ளாடினால் வெப்பத் தாக்கம். சாதாரணத் தண்ணீரை உடம்பில் ஊற்றி, விசிறியைப் போட்டு, அப்படியே வைத்தியரிடம் கொண்டுபோங்கள். வீட்டில் இருக்கும் பனடோலையோ வேறு நோவு மாத்திரையையோ நாய்க்குக் கொடுக்காதீர்கள். நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். உறங்கவைப்பதற்காகத் தடிமன் மாத்திரை கொடுப்பதும் அப்படித்தான், வைத்தியரைக் கேட்காமல் வேண்டாம்.

திடீரென்று குணம் மாறி, குரல் மாறி, எச்சில் வடிந்து, விழுங்க முடியாமல், கண்டதையெல்லாம் கடிக்கும் நாய் விசர் பிடித்த நாயாக இருக்கலாம். அதை நெருங்க வேண்டாம். பிள்ளைகளை உள்ளே எடுத்துவிட்டுப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். கடித்தாலோ நகம் பட்டாலோ சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அதே நாளில் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போக வேண்டும். உங்கள் நாய்க்கு விசர்நாய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் போட்டு அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள்.

மற்றவற்றுக்கு ஒரு வாரக் கொப்பியை எடுத்துக்கொண்டு கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் காலையிலேயே போங்கள். வெயில் ஏறிய பின் காத்திருப்பது நாய்க்குத் துன்பம். எழும்பிய நேரங்கள், சாப்பிட்டவை, குடித்த தண்ணீர், மலம் இருந்த விதம் என்பவற்றுடன், இரவில் அது நடக்கும்போது கைத்தொலைபேசியில் எடுத்த ஒரு நிமிட வீடியோவையும் காட்டுங்கள். வைத்தியர் முன் எல்லா நாயும் அடங்கி ஒடுங்கித்தான் நிற்கும். வீட்டில் நடந்ததை அவர் அந்த வீடியோவில்தான் பார்க்க முடியும்.